எழும் ஒலி, எழுப்பும் ஒலி

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கிழக்குக் கரையிலுள்ள பிரீமண்ட் நகருக்கு நாங்கள் குடிவந்த முதல் டிசம்பரில், வீட்டின் புகை எச்சரிக்கைக் கருவிக்கு ஒரே வாரத்தில் மூன்று முறை பற்றரி மாற்றினேன். அமெரிக்க வீடுகளில் கூரையின் உட்புறம் வெள்ளைத் தட்டுப் போல ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கருவி, பற்றரி தளர்ந்துவிட்டால் விட்டுவிட்டு ‘கீச்’ என்று ஒரு கூரிய ஒலி எழுப்பும். ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ் சுருதியுள்ள அந்தச் சிற்றொலி எந்த அறையிலிருந்து வருகிறது என்று காதால் மட்டும் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். எனக்குக் கேட்ட ஒலியும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கருவிக்குரிய ஒழுங்கான இடைவெளி அதற்கு இல்லை. வெயில் ஏறிய பிறகே கேட்டது. மழை பெய்த நாளில் அறவே கேட்கவில்லை. மழையைப் பார்த்து வாய் மூடும் பற்றரி உலகத்தில் இல்லை என்று அப்போதே நினைத்திருக்க வேண்டும். நினைக்காமல் முக்காலியின்மேல் ஏறினேன்.

மூன்றாம் முறை, கழற்றிய பற்றரியைக் கையில் வைத்துக்கொண்டே பின்வளவுக்கு வந்து நின்றபோது, அதே ‘கீச்’ என் தலைக்கு மேலே கேட்டது. அண்ணாந்து பார்த்தால், கட்டைவிரல் அளவுள்ள ஒரு பறவை செங்குத்தாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு தென்னை உயரத்துக்கு ஏறிப் புள்ளியாகி, அந்தப் புள்ளியும் கண்ணுக்குத் தப்பப் பார்க்கும் கணத்தில், அது தலைகீழாக விழத் தொடங்கியது. விழுந்த வேகத்தில் எங்கள் எலுமிச்சை மரத்தை மயிரிழையில் தவறவிட்டு, வளைந்து, மீண்டும் மேலெழுந்தது. அந்த வளைவின் அடிப்புள்ளியில், சொடக்குப் போடும் நேரத்தில், ‘கீச்’. எலுமிச்சையின் உள்கிளையில் பச்சையும் சாம்பலும் கலந்த இன்னொரு சிறு பறவை அசையாமல் உட்கார்ந்திருந்தது. இவ்வளவு கூத்தும் அதற்காகத்தான் என்பது எனக்கு விளங்கப் பத்து நிமிடம் பிடித்தது. அதற்கு விளங்கியதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அது அன்னாவின் ஓசனிச்சிட்டு. ரிவோலி கோமகள் அன்னா மாசெனாவின் பெயரை 1829இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் ரெனே லெசோன் அதற்குச் சூட்டினார். என் மகள் அதை ‘அண்ணாவின் சிட்டு’ என்று கேட்டுக்கொண்டு, எந்த அண்ணாவின் சிட்டு என்று நெடுநாள் விசாரித்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் ஹம்மிங்பேர்ட் எனப்படும் இந்தக் குடும்பத்தில் 360க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அலாஸ்கா முதல் தென் அமெரிக்காவின் தென்முனை வரை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இன்று அவை வாழ்கின்றன. ஊரில் தேன்சிட்டைக் காட்டி ‘இதுதான் ஹம்மிங்பேர்ட்’ என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டும் பூத்தேன் குடிப்பவை, மினுங்குபவை என்பது தவிர அவற்றுக்கு இடையே உறவில்லை. அவற்றைப் பிரித்தறிய மிக எளிய வழி, கண்ணை மூடிக்கொண்டு அருகில் நிற்பதுதான்.

ஏனென்றால் இந்தப் பறவைக்குப் பெயர் வைத்தவர்களில் பலர் காதால்தான் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பெயர் ரீங்காரத்திலிருந்து வந்தது. கியூபாவில் அது சுன்சுன். போர்ட்டோ ரீக்கோவில் சும்படோர், அதாவது முரல்வது. எங்கள் வேலிக்கு அப்பால் குடியிருக்கும் மூதாட்டி மெக்சிகோவின் மிச்சோவாக்கான் மாநிலத்தவர். நான் பற்றரி மாற்றிய கதையைச் சொன்னதும் சிரித்து முடித்துவிட்டு, தங்கள் பக்கத்தில் பாட்ஸ்குவாரோ ஏரிக்கரையில் சின்சுன்சான் என்று ஓர் ஊர் இருக்கிறது, அதை வேகமாகச் சொல்லிப் பாருங்கள் என்றார். சொல்லிப் பார்த்தேன்: சின்சுன்சான், சின்சுன்சான். புரேபெச்சா மக்களின் பழைய தலைநகரான அந்த ஊரின் பெயருக்கு ஓசனிச்சிட்டுகளின் இடம் என்பது பொருள். பறவை முகத்தருகே வந்து போகும் ஒலியையே அந்த மொழியினர் பறவைக்குப் பெயராக்கியிருக்கிறார்கள். தமிழில் ஓசனித்தல் என்றால் சிறகடித்தல். ஓசனிச்சிட்டு என்று சொல்லும்போது அதனுள் ஓசையும் சேர்ந்து கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது. முரல்சிட்டு, ரீங்காரச்சிட்டு என்றும் எழுதுகிறார்கள். ஞிமிறு, சுரும்பு, தும்பி என்று வண்டுக்கே இத்தனை பெயர் வைத்து, அவை இமிர்வதையும் முரல்வதையும் ஆர்ப்பதையும் வேறு வேறாகக் கேட்ட மொழி நம்முடையது. இந்தப் பறவை மட்டும் நம் நிலத்தில் இருந்திருந்தால் அதன் ஒலிகளுக்கு ஓர் அகராதிப் பக்கமே இருந்திருக்கும்.

அன்று முதல் நான் தோட்டத்தில் கேட்கும் ஒலிகளை ஓர் இலக்கணப் பிரிவின்கீழ் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். ‘எழு’ தன்வினை, ‘எழுப்பு’ பிறவினை. ஒலி எழுந்தது என்றால் அது நேர்ந்தது. வேறு ஏதோ நடந்ததன் மிச்சம். ஒலி எழுப்பியது என்றால், எழுப்பியவர் ஒருவர் இருக்கிறார், கேட்க வேண்டியவர் ஒருவரும் இருக்கிறார். பூவின்முன் நிற்கும்போது வரும் ரீங்காரம் எழும் ஒலி. எலுமிச்சைக்கு மேலே வந்த ‘கீச்’ எழுப்பும் ஒலி. பள்ளிக்கூடத்தில் படித்த இந்தப் பிரிவு எவ்வளவு வடிவாகப் பொருந்துகிறது என்று சில வாரம் மகிழ்ந்திருந்தேன். பிறகு வாசிக்க வாசிக்க அது பொருந்தாமல் போன கதைதான் இந்தக் கட்டுரை.

முதலில் ரீங்காரம். சிறகு வேகமாக அடிக்கிறது, அதனால் ஒலிக்கிறது என்பது குழந்தைக்கும் தெரியும். அன்னாவின் ஓசனிச்சிட்டு நொடிக்கு ஏறத்தாழ 40 முறை சிறகடிக்கிறது. மிகச் சிறிய இனங்கள் இன்னும் விரைவாகவும், ஆண்டீஸ் மலைத்தொடரின் பேரோசனிச்சிட்டு நொடிக்குப் பதினைந்துக்கும் குறைவாகவும் அடிக்கின்றன. ஆனால் வேகம் மட்டும் போதாது. நொடிக்கு 40 அதிர்வு என்பது நம் காது அரைகுறையாகவே பிடிக்கும் மந்தமான சுருதி. நாம் கேட்பதோ செழுமையான, கிட்டத்தட்ட இனிமையான ஒரு முரலல். இந்த வேறுபாட்டுக்கு முழுமையான விளக்கம் 2021இல்தான் கிடைத்தது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தினரும் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினரும், ஒலியைப் படம்பிடிக்கும் கருவிகள் செய்யும் சொராமா என்ற நிறுவனமும் சேர்ந்து, ஆறு அன்னாவின் ஓசனிச்சிட்டுகளைச் செயற்கைப் பூவின்முன் ஓசனிக்கவிட்டு, அவற்றைச் சுற்றி 2,000க்கு மேற்பட்ட ஒலிவாங்கிகளையும் 12 அதிவேகக் கமராக்களையும், சிறகு காற்றில் ஏற்படுத்தும் அழுத்தத்தை அளக்கும் தகடுகளையும் வைத்தார்கள். நாலைந்து கிராம் எடையுள்ள ஓர் உயிரின்முன் இத்தனை காதுகள் திரண்டு நின்ற காட்சியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அவர்கள் கண்டது இது. புறாவோ காகமோ சிறகைக் கீழ்நோக்கி அடிக்கும்போதுதான் பெரும்பாலும் தன் எடையைத் தாங்குகிறது. மேலே தூக்குவது அடுத்த அடிக்கான ஆயத்தம். ஓசனிச்சிட்டு சிறகைத் திருப்பிப் பிடித்து, போகும்போதும் வரும்போதும் இரு வழியிலும் தன்னைத் தாங்குகிறது. போகும் அடி எடையின் முக்கால் பங்கையும் திரும்பும் அடி கால் பங்கையும் சுமக்கின்றன என்பதை 2005ஆம் ஆண்டு ஆய்வொன்று ஏற்கெனவே காட்டியிருந்தது. ஆகவே ஒரு சிறகடிப்புக்குள் காற்றழுத்தம் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. சிறகின் மேற்புறத்துக்கும் அடிப்புறத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு மாறிக்கொண்டே இருக்க, சிறகும் நமக்கு எட்டவும் கிட்டவும் வீசிக்கொண்டே இருக்கிறது. இவற்றால் 40இன் மேல் 80, 120, 160 என்று மேற்சுரங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. தம்புராவின் ஒரு தந்தியை மீட்டினால் அடிச்சுரத்துக்கு மேலே பல சுரங்கள் நிழலாடுவதைப் போன்றதே இதுவும். கொசுவுக்கும் ஈக்கும் இதே இயக்கம்தான், ஆனால் அவை பல மடங்கு விரைவாக அடிப்பதால் ஒலி உச்சத்துக்குப் போய் எரிச்சலூட்டுகிறது.

இந்த முரலலைக் கைப்பேசியில் பதிவுசெய்து, யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைப் பக்கத்தில் ஊரோடு இருக்கும் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் அழைத்தார். “தம்பி, ஒண்டும் கேக்கேல்லை. ஒரு காத்துச் சத்தம்தான் வருது” என்றார். அவருடைய காதைக் குறை சொல்ல முடியாது. கைப்பேசியின் பொட்டு அளவு ஒலிபெருக்கி, 40 அதிர்வையும் 80 அதிர்வையும் வெளியே விடுவதில்லை. அடிச்சுரங்கள் போய்விட்டால் எஞ்சுவது ஒரு சளசளப்புத்தான். எப்படியிருக்கும் என்று சொல்லத் தெரியாமல், ‘விண் கூவுகிற மாதிரி, ஆனால் மிகச் சின்ன விண்’ என்றேன். உடனே அவருக்கு விளங்கிவிட்டது.

விண் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. பருத்தித்துறையைச் சேர்ந்த எங்கள் வடமராட்சிப் பகுதியில் தைப்பொங்கலை ஒட்டி, வாடைக்காற்று ஒரே சீராக வீசும் நாள்களில் ஆளுயரப் பட்டங்கள் ஏறும். அவற்றின் உச்சியில், வில்லைப் போல வளைத்த ஒரு சிலாகையின் இரு முனைகளுக்கும் இடையே தட்டையான ஒரு நாடாவை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அந்த வில்லுக்குப் பெயர் விண். எங்கள் காலத்தில் பொதி கட்டும் பிளாஸ்டிக் நாடாவை எடுத்து, கண்ணாடித் துண்டால் வழித்து வழித்து மெல்லியதாக்கிக் கட்டுவோம். நாடா இறுகினால் சுருதி ஏறும், தளர்ந்தால் இறங்கும், முறுகினால் ஊமையாகும். பட்டத்தை மரத்தில் கட்டிவிட்டுப் படுத்தால் இரவு முழுவதும் ஊருக்கு மேலே அது கூவிக்கொண்டிருக்கும். அந்த நாடாவைத் தட்டுவதற்கு ஒரு விரலும் இல்லை, அதில் ஊதுவதற்கு ஒரு வாயும் இல்லை. காற்று நாடாவைத் தள்ளுகிறது. நாடா தன் இறுக்கத்தால் திரும்புகிறது. திரும்பும்போது காற்றின் போக்கு மாறி மறுபக்கம் தள்ளுகிறது. காற்றோட்டமும் மீள்விசையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஆடும் இந்த ஆட்டத்தைக் காற்றியல் பொறியாளர்கள் படபடப்பு என்கிறார்கள். விமானச் சிறகில் அது வந்துவிடக் கூடாதே என்றுதான் அவர்களுடைய கவலை. கலிபோர்னியாவின் ஒரு பறவை அதைத் தேடிப்போய் வாலில் வைத்துக்கொண்டிருக்கிறது.

எலுமிச்சை மரத்து ‘கீச்’ எங்கிருந்து வருகிறது என்பது ஏறத்தாழ எழுபது ஆண்டு வழக்கு. 1940இல் ராட்ஜர்ஸ் என்ற பறவையியலாளர் அன்னாவின் ஓசனிச்சிட்டின் வெளிவாலிறகு ஒன்றை மெல்லிய குச்சியில் பொருத்திக் காற்றில் வீசிப் பார்த்தார். பாய்ச்சலில் கேட்பதைப் போன்ற ஒலி வந்தது. ஊர்ப் பிள்ளைகள் விண்ணைக் கையில் கட்டிச் சுழற்றிச் சோதித்துப் பார்ப்பதும் இதே முறையில்தான். ஆனால் 1979இல் பப்டிஸ்டாவும் மட்சுயியும் அந்த முடிவை மறுத்தார்கள். ஆண் பறவை கிளையில் இருந்து பாடும் பாட்டின் ஒரு துண்டும், பாய்ச்சலின் அடியில் வரும் ஒலியும், ஒலியின் சுருதியை வரைந்து காட்டும் ஒலிப்படத்தில் அச்சுப் போல ஒத்திருந்தன. ஆகவே இரண்டும் தொண்டையிலிருந்தே வருகின்றன என்பது அவர்களுடைய வாதம். நியாயமான வாதம்தான். ஒரே குரலை இரண்டு இடத்தில் கேட்டால், ஒருவரே இரண்டு இடத்திலும் பேசுகிறார் என்றுதான் நாமும் முடிவு கட்டுவோம்.

தீர்ப்பு 2008இல் வந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த கிறிஸ்தோபர் கிளார்க்கும் தெரசா பியோவும், விரிகுடாக் கரையின் புதர்வெளியில் ஒரு பெண் பறவையைக் காட்டி ஆண்களைப் பாயவைத்து, அதிவேகக் கமராவில் பிடித்தார்கள். பாய்ச்சலின் அடியில் பறவை தன் வாலை விசிறி போலத் திடீரென்று விரித்து மூடுகிறது. விரிந்திருக்கும் நேரம் நொடியில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 60 மில்லிநொடி. நாம் கண் இமைப்பதைவிட விரைவு என்பதால் வெறுங்கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. பிறகு சில ஆண்களைப் பிடித்து, வாலின் இரு ஓரத்து இறகுகளை மட்டும் நீக்கியோ நறுக்கியோ விட்டார்கள். அவை முன்போலவே ஏறின, பாய்ந்தன, வளைந்தன. ஒலி மட்டும் வரவில்லை. நறுக்காத வாலோர இறகைக் காற்றுக் குழாயில் வைத்தபோது அது தனியாகவே ஏறத்தாழ 4 கிலோஹெர்ட்ஸில் கீச்சிட்டது. தொண்டைக்கு அதில் பங்கில்லை. பிடுங்கிய இறகுகள் சில வாரங்களில் முளைத்துவிடும் என்பதால் அந்த ஆண்களுக்கு அந்தப் பருவம் முழுவதும் வீணாகிவிடவில்லை என்று எண்ணி ஆறுதல் கொள்கிறேன்.

அப்படியானால் 1979இல் கண்ட அந்த ஒற்றுமை? அது பொய்யன்று. கிளையில் இருந்து பாடும்போது தொண்டை, பாயும்போது வாலிறகு. இரண்டும் ஏறத்தாழ ஒரே ஒலியைத் தருகின்றன. இதற்குக் கிளார்க்கும் பியோவும் பின்னர் முன்வைத்த விளக்கம், தொண்டைப் பாட்டு வாலொலியைப் போலச் செய்து உருவாகியிருக்கலாம் என்பது. நாதசுரத்தைக் கேட்டு வாய்ப்பாட்டுக்காரர் கமகம் பழகிக்கொண்ட கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். அதைப் போல, பெண் பறவையின் காது எதை விரும்புகிறதோ அதை ஆண் கையிலுள்ள எல்லாக் கருவியாலும் வாசித்துக் காட்டுகிறது போலும். கிளார்க் வேறு சக ஆய்வாளர்களோடு 2011இல் மற்ற இனங்களின் வாலிறகுகளையும் காற்றுக் குழாயில் வைத்துப் பார்த்தார்கள். இறகின் வடிவமும் விறைப்பும் மாற மாற, ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு சுருதி. சில இனங்களில் பக்கத்து இறகும் சேர்ந்து ஆடி ஒலியைக் கூட்டுகிறது. விண்ணுக்கு நாடா வழித்த எவருக்கும் இது வியப்பாக இராது.

அந்த ஒரு கீச்சுக்காக உடல் கொடுக்கும் விலை சாதாரணமானதன்று. பாயும் அன்னாவின் ஓசனிச்சிட்டு நொடிக்குத் தன் உடல் நீளத்தைப்போல் 385 மடங்கு தூரத்தைக் கடக்கிறது. நம் கணக்கில் அது நொடிக்கு 27 மீட்டர், நெடுஞ்சாலையில் போகும் காரின் வேகம். அடியில் வளைந்து எழும்போது அதன் உடல் ஈர்ப்புவிசையைப் போல் ஏறத்தாழ 9 மடங்கு விசையைத் தாங்குகிறது. போர்விமானிகள் அந்த அளவில் நினைவிழக்கும் ஆபத்து உண்டு. நாடாவுக்கு வாடைக்காற்று தேவை. இந்தப் பறவை தன் வாடைக்காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது, முப்பது மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து.

தெற்குக் கலிபோர்னியப் பாலையில் வாழும் கோஸ்டாவின் ஓசனிச்சிட்டு இதிலும் ஒரு படி நுட்பமானது. பாய்ந்து வரும் பொருளின் ஒலி நெருங்கும்போது உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்கும். கடந்துபோகும் ரயிலின் ஊதலில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்து, ஆண் எவ்வளவு வேகமாக வருகிறான் என்று பெண் எடைபோட்டுவிடலாம். கோஸ்டாவின் ஆணோ பெண்ணை நோக்கி நேராகப் பாயாமல் பக்கவாட்டில் பாய்ந்து, வாலின் ஒரு பாதியை மட்டும் பெண் இருக்கும் பக்கமாகத் திருகி ஒலியைக் குறிபார்த்து அனுப்புகிறது. அதனால் சுருதியின் மாற்றம் பெருமளவு மறைந்துவிடுகிறது. 2018இல் கிளார்க்கும் எமிலி மிஸ்டிக்கும் இதை வெளியிட்டார்கள். தன் வேகம் பற்றிய தகவலை ஆண் மறைக்கிறதா, அல்லது ஒலி சிதறாமல் போய்ச்சேர வேண்டும் என்பதுதான் நோக்கமா என்று வாதிக்கலாம்; எப்படியிருந்தாலும் இது ‘எழுப்புதல்’ என்ற சொல்லுக்கு அகராதியில் போடத் தகுந்த எடுத்துக்காட்டு.

என் இலக்கணம் உடைந்தது கொலராடோவில். ஒரு ஜூலை மாதம் ராக்கி மலைச்சரிவில் நடந்துகொண்டிருந்தபோது, மிதிவண்டி மணியைத் தொலைவில் யாரோ விடாமல் உருட்டுவது போன்ற ஒலி காதருகே கடந்து போனது, பறவையைக் காணவில்லை. அது அகன்றவால் ஓசனிச்சிட்டின் ஆண். அதன் சிறகு நுனியின் கடைசி இறகுகள் ஊசிபோல மெலிந்தவை. ஒவ்வொரு சிறகடிப்பிலும் அவற்றினூடே காற்று சீறுவதால் அது பறக்கும் இடமெல்லாம் கிணுகிணுக்கிறது. பூவுக்குப் போனாலும், தண்ணீருக்குப் போனாலும், ஒன்றும் சொல்ல விருப்பமில்லாமல் சும்மா போனாலும் ஒலிக்கிறது. பறப்பதன் மிச்சம், எழும் ஒலி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதே கொலராடோவில் சாரா மில்லரும் டேவிட் இனூயியும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், சில ஆண்களின் சிறகு நுனியைப் பசைகொண்டு ஊமையாக்கிப் பார்த்தார்கள். அவற்றால் பறக்க முடிந்தது, துரத்த முடிந்தது. ஆயினும் தங்கள் எல்லையை மற்ற ஆண்களிடம் அவை பறிகொடுத்தன. அந்தக் கிணுகிணுப்புத்தான் வேலியாக நின்றிருக்கிறது.

ஆக, எழுவதும் எழுப்புவதும் இரண்டு அறைகள் அல்ல. இடையில் கதவு இருக்கிறது. சிறகு அடித்தால் ஏதோ ஓர் ஒலி எழத்தான் செய்யும். அதைக் கேட்டு எவனோ ஒருவன் விலகினால், எவளோ ஒருத்தி திரும்பிப் பார்த்தால், அடுத்த தலைமுறையில் அந்த இறகு இன்னும் சற்று மெலியும். எண்ணாயிரம் தலைமுறை கழிந்த பின் அது எழுப்பும் ஒலி. இந்தக் கதவின் நிலைப்படியில் நிற்கும் ஒலியாகவே அகன்றவாலின் கிணுகிணுப்பு எனக்குப் படுகிறது. நுனியிறகு தேயத் தேய அந்த ஒலி மங்கி, குளிர்காலத்தின் நடுவில் கேட்காமலே போய், இறகு புதிதாக முளைத்ததும் மீண்டும் வருகிறது. பாய்ச்சலிலோ இதே பறவை சிறகின் கிணுகிணுப்பையும் வாலின் அரவத்தையும் கழுத்தின் செந்நிற மின்னலையும் 300 மில்லிநொடிக்குள் ஒன்றாகக் கோத்துக் காட்டுகிறது என்று 2018இல் ஹோகனும் ஸ்டாடர்டும் 48 பாய்ச்சல்களை அளந்து எழுதினார்கள்.

தொண்டைப் பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் அது அவ்வளவு கேட்கச் சகிக்காது என்பதே. எங்கள் வளவு ஆண், அயல்வீட்டு யூக்கலிப்டசின் மொட்டைக் கொப்பில் இருந்து, துருப்பிடித்த கீலைத் திறந்து மூடுவது போல, சாணைக்கல்லில் கத்தி தீட்டுவது போல, மணிக்கணக்கில் கரகரக்கிறது. பாடகன் என்று அதை மேடையேற்ற எந்தச் சபாவும் சம்மதிக்காது. ஆனால் அந்தக் கரகரப்பு பிறவியில் வந்ததன்று, கற்றுக்கொண்டது. பறவைகளில் பாட்டைக் கேட்டுக் கற்பவை என்று உறுதியாகத் தெரிந்த கூட்டங்கள் மூன்று: பாடும் பறவைகள், கிளிகள், ஓசனிச்சிட்டுகள். 2000ஆம் ஆண்டில் எரிக் ஜார்விஸ் குழுவினர் பிரேசிலின் சாந்தா தெரேசா ஊர்க் காட்டில், விடியலில் பாடிக்கொண்டிருந்த ஓசனிச்சிட்டுகளைப் பிடித்து அவற்றின் மூளையை ஆராய்ந்து, பாடும்போது விழித்தெழும் ஏழு பகுதிகளைக் காட்டினார்கள். கிளியிலும் பாடும் பறவையிலும் உள்ள பகுதிகளோடு அவை வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தன. பாடி முடித்த கையோடு அந்தப் பறவைகள் ஆய்வுக்குப் பலியாயின என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது. கட்டுரையின் அந்தப் பகுதியை நான் விரைவாகப் புரட்டினேன்.

சில இனங்களின் பாட்டு நமக்கு ஏறத்தாழ எட்டுவதே இல்லை. பிரேசிலின் அத்திலாந்திக் காட்டில் வாழும் கறுப்பு ஜக்கோபின் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே குரலெழுப்புகிறது. அதைக் கேட்ட ஆய்வாளர்கள் முதலில் பூச்சியோ தவளையோ என்றே நினைத்தார்கள். எக்குவடோரின் உயர்மலை ஓசனிச்சிட்டு ஆண்டீஸ் மலைத்தொடரின் குளிர்வெளியில் 13.4 கிலோஹெர்ட்ஸ் வரை பாடுகிறது. பெரும்பாலான பறவைகளின் காது அந்த உயரத்துக்கு வராது. இந்தப் பறவைக்குத் தன் குரல் கேட்கிறது என்பதைப் பெர்னாண்டா டுக்கே குழுவினர் 2020இல் மெய்ப்பித்தார்கள். இந்தச் சுருதியை வயது ஏற ஏற மனிதக் காது இழந்துவிடும். ஒரு பதிவை நான் வீட்டில் போட்டபோது மகள் காதைப் பொத்தினாள், எனக்கு மெல்லக் கேட்டது, அப்பாவுக்கு அனுப்பவில்லை.

அப்பா எனக்கு அனுப்பினார். கடந்த தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, ஒழுங்கையில் பட்டம் கட்டும் ஒரு பையனைப் பிடித்து, விண் கூவுவதைக் கிட்ட நின்று பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். நடுவில் ஒரு நாய் குரைக்கிறது. ஒலியைப் படமாக்கும் செயலியில் அதையும் ஓசனிச்சிட்டின் ரீங்காரத்தையும் மேலும் கீழுமாக வைத்தேன்: இரண்டும் ஏணிகள், படிகளின் இடைவெளி மட்டும் வேறு. படத்தை அனுப்பிவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்குப் பின்வளவில் நின்றபடி அழைத்தேன். அங்கே இரவு பதினொன்றரை. அவருடைய பக்கத்திலிருந்து இருட்டுக்குள் விண் கூவுவது தொலைபேசியிலேயே கேட்டது.

“உன்ர குருவி ஆருக்குக் கத்துது எண்டு விளங்குது. இந்த விண் ஆருக்குக் கூவுது, சொல்லு பாப்பம்?” என்றார்.

காற்று அடிக்கிறது, நாடா ஆடுகிறது, அது எழும் ஒலிதானே அப்பா என்றேன்.

“அது உனக்கு. பட்டத்தை மரத்தில கட்டிப்போட்டுப் படுத்துக் கிடக்கிறவனுக்கு, பட்டம் இன்னும் மேல நிக்குது எண்டு சொல்லுறது ஆர்? சத்தம் நிண்டால் எழும்பி ஓட வேணும்” என்றார். நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கையில் என் தலைக்கு மேலே புள்ளி ஒன்று விழுந்து, எலுமிச்சைக்கு மேலே வளைந்தது.

“என்ன தம்பி,” என்றார் அப்பா, “பற்றரி இன்னும் மாத்தேல்லையோ?”